கர்ப்பப்பை அறுவைக்குக் கையெழுத்திடும் முன்

மாதவிலக்கில் உதிரப்போக்கு அதிகமாகி ஸ்கேனில் ஒரு கட்டியும் தெரிந்துவிட்டால், தாம்பரத்தை அடுத்த செம்பாக்கத்து வீடுகளிலும் முதலில் எழுவது இந்தப் பேச்சுதான்: "குழந்தைதான் பொறந்தாச்சே, எடுத்துடலாமே!" பெரும்பாலும் அதைச் சொல்வது அந்தப் பெண் அல்ல.

1995இல் டெல்லியில், 44 வயதான, மணமாகாத சமீரா கோலி வயிற்றுக்குள் கருவி செலுத்திப் பார்க்கும் லேப்ராஸ்கோபி பரிசோதனைக்குச் சம்மதித்தார். அவர் மயக்கத்தில் இருக்கையில், வெளியே காத்திருந்த தாயிடம் ஒப்புதல் வாங்கி, கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2008 ஜனவரியில் வந்த தீர்ப்பு தெளிவானது: பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது, வயதுவந்த, சுயநினைவு திரும்பக்கூடிய நோயாளிக்காகத் தாய் சம்மதிக்க முடியாது. உயிரையோ உடல்நலத்தையோ காக்கத் தாமதிக்க முடியாது என்றால் மட்டுமே விலக்கு. இழப்பீடு 25,000 ரூபாய்தான். பறிபோனதற்கு அது எந்த வகையிலும் ஈடாகாது என்றே எனக்குத் தோன்றுகிறது. கணவரின் கையெழுத்தையும் கேட்கும் மருத்துவமனைகள் உண்டு. அது மனைவியின் கையெழுத்துக்கு மாற்றாகாது.

புற்றுநோய், கர்ப்பப்பை இறக்கம், எதற்கும் அடங்காத உதிரப்போக்கு ஆகியவற்றில் இந்த அறுவை பெரிய நிவாரணம். ரத்தசோகையோடு வருடக்கணக்கில் வேலைக்கு ஓடியவர்களுக்கு அது தெரியும். ஆனால் 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15–49 வயதில் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் 35 வயதுக்குள் எடுத்துக்கொண்டவர்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. தேவையற்ற அறுவைகளைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதல்களை மூன்று மாதத்தில் செயல்படுத்தும்படி 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை உண்டு. உள்சுவர்த் திசுவைச் சோதித்தாயிற்றா? மாத்திரையோ, காப்பர்-டி போலவே கர்ப்பப்பைக்குள் வைக்கும், ஹார்மோன் சுரக்கும் சாதனமோ போதுமா? கட்டியை மட்டும் எடுக்கலாமா? எல்லாவற்றையும்விட, சினைப்பைகள் இருக்குமா, போகுமா? மாதவிடாய் நிற்காத வயதில் இரண்டையும் எடுத்தால் உடனே மெனோபாஸ் வந்துவிடும். எலும்பும் இதயமும் பாதிக்கப்படலாம். படிவத்தில் எந்தெந்த உறுப்பு என்று எழுதியிருப்பதைப் படித்த பிறகே கையெழுத்து.

இதன் மறுபக்கமும் உண்டு. வலி பொறுக்காமல், எல்லாம் தெரிந்தே எடுத்துவிடக் கேட்கும் பெண்ணிடம் "இன்னும் கல்யாணம் ஆகலையே" என்று தட்டிக்கழிப்பதும் அவள் முடிவைப் பறிப்பதுதான்.

இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்கவும் வழி இருக்கிறது. எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனை, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவை இருக்கும் இரண்டு ஊர்களுக்கும் தாம்பரத்திலிருந்து மின்சார ரயில் உண்டு. ஸ்கேன், திசுப் பரிசோதனை அறிக்கைகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.