பழைய கணினிக்குப் பொருத்தமான இயங்குதளம்

அலுவலகங்கள் கழித்துவிட்ட மேசைக் கணினிகள் செப்பனிடப்பட்டு, சென்னை ரிச்சி தெருவில் மலிவாக விற்பனைக்கு வருகின்றன. ஆந்திரத்தின் கார்வேட்டிநகரம் போன்ற ஊர்களின் மாணவர்களுக்கு அவை நல்ல முதல் கணினி. ஓப்பன்கோர் என்ற இலவச மென்பொருளின் துணையோடு, இன்டெல் நுண்செயலியுள்ள பல கணினிகளில் ஆப்பிளின் மேக்ஓஎஸ்ஸையும் நிறுவலாம். தான் இருப்பது மேக் கணினியில் என்று இயங்குதளத்தை அது நம்பவைக்கிறது. ஆனாலும் அந்த வழிக்கு எதிர்காலம் இல்லை. ஆப்பிளின் உரிமம் அதன் சொந்தக் கணினிகளில் மட்டுமே நிறுவ அனுமதிக்கிறது. அதை மீறி மேக்ஓஎஸ் நிறுவிய கணினிகளை விற்ற சைஸ்டார் நிறுவனம் 2009இல் அமெரிக்க நீதிமன்றத்தில் தோற்றது. 2020இல் ஆப்பிள் தன் சொந்தச் சில்லுகளுக்கு மாறத் தொடங்கியது. 2025இல் வந்த மேக்ஓஎஸ் டஹோதான் இன்டெலுக்கான கடைசிப் பதிப்பு.

ஐபோன் செயலி எழுதக் கற்க மேக் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான். ஆனால் ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் ஒலியோ வைஃபையோ நின்றுபோகக்கூடிய கணினியை நம்பிப் படிக்க முடியாது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. எஞ்சுவது லினக்ஸ். உபுண்டுவும் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இலவசம், சட்டபூர்வமானவை. தமிழிலும் தெலுங்கிலும் எழுத இடம் தருபவை. நிரல் எழுதவும் கணக்குப் போடவும் படம் தொகுக்கவும் அவை போதும். பழைய கணினி நெடுநாள் உழைக்க, ஒளித்து வைக்கத் தேவையில்லாத மென்பொருளே ஏற்றது.