திரைக்கதையும் கல்விக்கூடமும்

பாடசாலை அதிபர் ஒருவர் திரைப்படத்தைப் பற்றி வானொலியிற் பேச முன்வருவது உங்களிற் சிலருக்கு வியப்பளிக்கலாம். மாணவர் படமாளிகைக்குச் செல்வதைக் கண்டிப்பதே எம்மவரின் தொழில் என்று கருதுவோர் பலர். ஆயினும் சில மாதங்களுக்கு முன், உயர்தர வகுப்பில் தமிழும், புவியியலும், நாடகமும் அரங்கியலும் பயிலும் மாணவியொருத்தி என் அலுவலகத்திற்கு வந்து, "திரைக்கதை எழுதிறதை யூனிவேர்சிற்றியிலை படிக்கலாமோ, சேர்?" என்று வினவினாள். உடன் வந்திருந்த தாயார் கேட்ட கேள்வி வேறு. "எழுத்தைப் படிப்பிக்க ஏலுமோ, சேர்? அதை நம்பி நாலு வருசத்தைக் குடுக்கலாமோ?" என்றார் அவர். மகளின் வினாவிற்கு விடை தேடுவது எளிது. தாயாரின் வினாவிற்கு அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. பின்னர் நூல்களைப் புரட்டியும் அறிந்தாரைக் கேட்டும் நான் தெரிந்துகொண்டவற்றையே இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ளல் வேண்டும். திரைக்கதை என்றவுடன் நம்மவர் நினைப்பது வசனத்தையே. 1952ஆம் ஆண்டு 'பராசக்தி' வெளிவந்தபின், அதன் வசனத்தை மனனஞ் செய்து மேடைகளில் முழங்காத இளைஞர் அக்காலத்தில் அரியர். வசனம் புத்தகமாகவும் விற்றது, இசைத்தட்டாகவும் ஒலித்தது. அதனால், படத்திற்கு எழுதுவதென்றால் அடுக்குமொழியில் உரையாடல் எழுதுவதே என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. உரையாடல் திரைக்கதையின் ஓர் உறுப்பு மாத்திரமே. எக்காட்சிக்குப்பின் எக்காட்சி வருவது, ஒருவர் அறிந்ததை மற்றவர் எப்பொழுது அறிவது, பார்ப்போருக்கு எதனை முன்னரே காட்டிவிடுவது, எதனை ஒளித்துவைப்பது என்பனவெல்லாம் திரைக்கதையின் பாற்பட்டவை. பேச்சே இல்லாத ஊமைப் படத்திற்கும் திரைக்கதை உண்டு.

நாவலாசிரியர், "அவள் பழைய நாட்களை எண்ணி வருந்தினாள்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு மேலே செல்லலாம். திரைக்கதை எழுதுவோருக்கு அவ்வுரிமை இல்லை. எண்ணத்தைப் படம்பிடிக்கும் கருவி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. அவள் என்ன செய்தாள்? பெட்டியைத் திறந்தாளா? அணிந்துகொள்ளாத சேலையொன்றைக் கையிலெடுத்து மறுபடியும் மடித்து வைத்தாளா? அதனையே எழுதவேண்டும். அமெரிக்க முறைப்படி எழுதும்போது தாளின் ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடமாகும் என்று கணக்கிடுவர். ஆகவே முழுநீளப் படமொன்றின் திரைக்கதை பெரும்பாலும் 90 முதல் 120 பக்கங்களுக்குள் அமைகின்றது. இத்தனை கட்டுப்பாடுள்ள எழுத்துவகை பிறிதொன்று உண்டென்றால், அது நம் வெண்பாவாகத்தான் இருக்கும்.

இதனைக் கல்விக்கூடத்திற் கற்பிக்கும் முயற்சி நேற்றுத் தோன்றியதன்று. நியூ யோர்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1915ஆம் ஆண்டிலேயே விக்டர் பிரீபேர்க் என்பவர் திரைக்கதை எழுதுதலைக் கற்பித்தார். 1917இல் பிரான்சிஸ் பற்றர்சன் என்னும் அம்மையார் அவ்வகுப்பை ஏற்று நடத்தினார். படங்கள் பேசத் தொடங்கியிராத காலம் அது. 1919இல் மொஸ்கோவில் திரைப்படக் கல்லூரி நிறுவப்பட்டது. புரட்சியை அடுத்து வந்த அவ்வாண்டுகளிற் படச்சுருளுக்குப் பெருந்தட்டுப்பாடு நிலவியது. ஆதலால் குலெஷோவ் என்ற ஆசிரியர், சுருளே இல்லாமல், மேடையில் நடித்துக்காட்டும் 'படங்களை' மாணவரைக் கொண்டு அமைத்தாராம். கருவி இல்லை என்று குறைகூறும் எம்போன்ற அதிபர்கள் இதனை நினைவில் வைத்தல் நன்று.

நான் விரித்துக் கூற விரும்புவது பிராக் நகரத்துக் கல்விக்கூடத்தைப் பற்றியாகும். 1946இல், போர் ஓய்ந்த மறு ஆண்டில், செக்கோசிலோவாக்கியாவின் தலைநகரான பிராக்கிலே 'பாமு' என்று சுருக்கமாக வழங்கும் திரைப்படப் பீடம் தொடங்கப்பட்டது. அங்கே இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு என்பவற்றோடு திரைக்கதைக்கும் தனித்துறை உண்டு. நாஸிகளின் சிறைமுகாம்களில் தாய் தந்தையர் இருவரையும் இழந்த மிலோஷ் போர்மன் என்னும் இளைஞர், நாடகப் பள்ளியில் இடம் கிடையாமையால் 1950களில் இத்திரைக்கதைத் துறையிற் சேர்ந்தார். அங்கு அவருக்கு இலக்கியம் கற்பித்தவர் பிற்காலத்தில் நாவலாசிரியராய் உலகப் புகழ்பெற்ற மிலான் குந்தேரா. திரைக்கதை பயில வந்தவருக்குப் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நாவல் எதற்கு என்று கேட்கத் தோன்றும். அவ்வகுப்பில் அறிந்த 'ஆபத்தான உறவுகள்' என்னும் பிரெஞ்சு நாவலையே போர்மன் 1989இல் 'வல்மோன்' என்ற படமாக எடுத்தார். வகுப்பறையில் விழுந்த விதை முப்பது ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் இருந்து முளைத்தது. பரீட்சைப் பெறுபேற்றை உடனுக்குடன் எதிர்பார்க்கும் நமக்கு இது சற்று நீண்ட காலம்தான்.

அதேவேளை, கல்விக்கூடம் தரமுடியாதது எது என்பதையும் போர்மனின் வாழ்க்கையே காட்டுகின்றது. ஒருமுறை அவரும் நண்பர் இருவரும் ஒரு திரைக்கதையை எழுதி முடிப்பதற்காக மலைப்பகுதிச் சிற்றூரொன்றிற்குச் சென்று தங்கினர். எழுத்து நகரவில்லை. மாலையொன்றில், பொழுதுபோக்காக, அவ்வூர்த் தீயணைப்புப் படையினர் நடத்திய நடன விழாவிற்குச் சென்றனர். மறுநாள் முழுவதும் அவ்விழாவைப் பற்றியே பேச்சு. எழுதவந்த கதையைக் கைவிட்டு அதனையே எழுதினார்கள். 1967இல் வெளிவந்த 'தீயணைப்போர் நடனவிழா' என்னும் படம் இவ்வாறு பிறந்தது. காட்சியை அமைக்கும் முறையைப் பீடம் கற்பித்தது. காட்சியோ ஊர் மண்டபத்தில் இருந்தது.

1968 ஓகஸ்டில் சோவியத் படைகள் பிராக்கினுள் நுழைந்தன. போர்மன் நாடு திரும்பவில்லை. பாமுவின் பீடாதிபதியாக விளங்கிய பிராங் டானியல் என்னும் ஆசிரியரும் நாட்டைவிட்டு அமெரிக்கா சென்றார். அங்கு, 1969இல் திறக்கப்பட்ட அமெரிக்கத் திரைப்பட நிறுவனத்தின் உயர்கல்வி மையத்திற்குக் கல்வித் தலைமையேற்றார். பின்னர் கொலம்பியாவிலும், அதன்பின் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலும் கற்பித்து, 1996இற் காலமானார். ஓர் ஆசிரியர் ஒரு நாட்டின் கற்பித்தல் முறையையே தம்முடன் எடுத்துச் சென்றார் எனலாம்.

டானியல் கற்பித்த முறைகளில் ஒன்று மிக எளிது. மாணவர் உள்ளங்கையளவு அட்டைகள் 70 எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு காட்சியைக் குறித்தல் வேண்டும். எழுபதும் நிறைந்தால் முழுநீளப் படமொன்று கையில் இருக்கின்றது. அவரிடம் பயின்ற டேவிட் லிஞ்ச் என்னும் இயக்குநர், தாம் திரைக்கதை கற்றது இவ்வழியே என்று பிற்காலத்திற் பலமுறை கூறியிருக்கின்றார். லிஞ்ச்சின் படங்களோ கனவுபோன்று பிடிபடாதவை. ஒழுங்கு கற்றவன் ஒழுங்குக்குள்ளேயே அடைபட்டுப் போவான் என்னும் அச்சத்திற்கு இது ஒருவாறு விடையாகும்.

இன்னொன்று, படத்தை எட்டுப் பகுதிகளாகப் பிரித்தல். பழைய படச்சுருள் ஒன்று ஆயிரம் அடி நீளமுள்ளது. ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும். சுருளுக்குச் சுருள் கதை ஒருபடி முன்னேறி, அடுத்த சுருளுக்கு ஒரு கேள்வியை விட்டுச்செல்லுமாறு பழைய எழுத்தாளர்கள் அமைத்தனர். இயந்திரத்தின் தேவையாற் பிறந்த அவ்வழக்கத்தை, பார்ப்போரின் கவனத்திற்கு ஏற்ற அளவாகக் கண்டு, டானியல் பாடமாக்கினார். இன்று சுருளும் இல்லை, அதனைச் சுழற்றும் இயந்திரமும் இல்லை. அளவு மாத்திரம் எஞ்சியிருக்கின்றது.

இவையெல்லாவற்றிற்கும் அடிப்படையாக அவர் கூறியது இது: ஒருவர் ஒன்றைப் பெரிதும் விரும்புகின்றார், அதனை அடைவதோ அரிதாயிருக்கின்றது. பார்ப்போர் அவர் அடைவார் என்ற நம்பிக்கைக்கும் அடையமாட்டார் என்ற அச்சத்திற்கும் நடுவே இருத்தப்படுகின்றனர். இவ்வளவுதானா என்று தோன்றலாம். எனக்கும் முதலில் அவ்வாறே தோன்றியது. பின்னர் இதனை ஒரு தமிழ்ப் படத்தின்மேல் வைத்துப் பார்த்தேன்.

மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியிற் பிறந்த பாலு மகேந்திரா, 1960களின் பிற்பகுதியிற் பூனா நகரத்துத் திரைப்பட நிறுவனத்தில் ஒளிப்பதிவு பயின்றவர். 1988இல் வெளிவந்த 'வீடு' என்னும் படத்திற்குத் திரைக்கதை, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு யாவும் அவருடையனவே. வாடகை வீட்டை விட்டு எழும்பவேண்டிய நிலையிலுள்ள பெண்ணொருத்தி, தங்கையோடும் முதிய பாட்டனாரோடும் குடியிருக்க ஒரு சிறு வீடு கட்ட முற்படுகின்றாள். விருப்பம் அவ்வளவே. கடன், மழை, ஏமாற்றும் ஒப்பந்தகாரர், இறுதியில் அந்நிலமே அரசாங்கத்தால் எடுக்கப்பட்டது என்னும் அறிவித்தல் எனத் தடைகள் ஒவ்வொன்றாக எழுகின்றன. முடிவுறாத அவ்வீட்டைப் பாட்டனார் தனியே சென்று தடவிப் பார்க்கும் காட்சியில் வசனம் இல்லை என்றே சொல்லலாம். நம்பிக்கையும் அச்சமும் பார்ப்போர் நெஞ்சில் அங்கே ஒருங்கே நிற்கின்றன. தம் தாயார் வீடு கட்டியகாலத்து நினைவே இப்படத்திற்கு வித்து என்று பாலு மகேந்திரா கூறியிருக்கின்றார்.

இனி மறுபக்கத்தையும் கூறவேண்டும். சத்தியஜித் ராய் எந்தத் திரைப்படக் கல்லூரியிலும் பயின்றவரல்லர். கல்கத்தாவில் விளம்பர நிறுவனமொன்றில் ஓவியராய் இருந்தபோது அவர் ஒரு பயிற்சியைத் தமக்குத்தாமே வகுத்துக்கொண்டார். ஒரு நாவல் படமாகப் போகின்றது என்ற செய்தி வந்தவுடன், அதற்கான திரைக்கதையைத் தாமே எழுதிவைப்பார். படம் வெளிவந்தபின் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். எங்கே தாம் பிழைத்தார், எங்கே அவர்கள் பிழைத்தார்கள் என்பது புலப்படும். 1955இல் 'பதேர் பாஞ்சாலி' வெளிவருவதற்குமுன் அவர் கற்ற பல்கலைக்கழகம் இதுவே. ஆயினும் ராய்க்கு இருந்தவை நம் மாணவி ஒருத்திக்கு உள்ளனவா? எழுத்தையும் ஓவியத்தையும் தொழிலாகக் கொண்ட குடும்பம், சாந்திநிகேதனக் கல்வி, நண்பருடன் நிறுவிய திரைப்படச் சங்கம் ஆகியன அவருக்கு இருந்தன. தாமே கற்றார் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் பலரின் பின்னால் இவ்வாறான ஒரு கல்விக்கூடம் மறைந்திருக்கின்றது.

பல்கலைக்கழகம் தருவது மேதையை அன்று. எழுதியதை உரத்து வாசிக்கக் கேட்டு, எங்கே சலிப்புத் தட்டியது என்று முகத்துக்கு நேரே கூறும் பத்துப்பேரைத் தருகின்றது. இந்த நாளில் எழுதி முடித்தேயாகவேண்டும் என்னும் கட்டாயத்தைத் தருகின்றது. அடுத்த அறையில் ஒளிப்பதிவு பயிலும் ஒருவர் அவ்வெழுத்தைப் படமாக்கிக் காட்டும்போது, தாளில் அழகாயிருந்த வரி திரையில் உயிரற்றுக் கிடப்பதைக் காணும் துன்பத்தையும் தருகின்றது. இத்துன்பத்தை வீட்டிலிருந்து பெறமுடியாது.

யாப்பிலக்கணம் கற்றோரெல்லாம் கவிஞராகிவிடுவதில்லை. ஆயினும் யாப்பைக் கற்பிப்பதை நாம் நிறுத்தவில்லை. ஆகவே தாயாரின் முதல் வினாவிற்கு, எழுத்தின் ஒரு பகுதியைப் படிப்பிக்க ஏலும் என்பதே என் விடை. இரண்டாவது வினா கடினமானது. திரைக்கதையிற் பட்டம் பெற்றவருக்கென நியமனக் கடிதம் எங்கும் காத்திருப்பதில்லை; செல்வ நாடுகளிலும் இல்லை. வெளிநாட்டுக் கட்டணமோ ஆசிரியர், எழுதுவினைஞர் குடும்பங்களின் கைக்கு எட்டாதது. பிராக்கில் செக் மொழியிற் பயில்வோருக்குக் கட்டணம் இல்லை என்றாலும், செக் மொழியிலே திரைக்கதை எழுதும் அளவிற்கு அம்மொழியைக் கற்பது எளிதன்று.

ஒரு வழி புலப்படுகின்றது. தென் கலிபோர்னியா போன்ற சில இடங்களில் திரைக்கதை முதற் பட்டத்திற்கே உரிய பாடமாக இருப்பினும், கொலம்பியாவும் பூனாவும் பட்டதாரிகளுக்கே இப்பயிற்சியை அளிக்கின்றன. அங்கு செல்ல முதலில் ஒரு பட்டம் வேண்டும். அது எத்துறையிலும் அமையலாம். ஆகவே உள்நாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் இலக்கியமோ வரலாறோ நாடகமோ முறையாகப் பயின்று முடித்தல், கனவைக் கைவிடுவதாகாது. நியமனம் வேண்டும் என்னும் தாயாரின் கவலைக்கும் அது ஓரளவு மருந்தாகும். அந்நான்கு ஆண்டுகளில் ராய் செய்த பயிற்சியைச் செய்யலாம். டானியலின் அட்டைகளுக்கும் பெருஞ்செலவு இல்லை. இவற்றையே இருவரிடமும் கூறினேன். தாயார் உடன்பட்டார் என்று சொல்லமாட்டேன். "பாப்பம், சேர்" என்றார்.

மாணவி சென்ற வாரம் அட்டைகளுடன் வந்தாள். மீன்வாடி ஒன்றிற் கணக்கெழுதும் பெண்ணைப் பற்றிய கதை. எழுபது இல்லை, நாற்பத்துமூன்றே இருந்தன. அவற்றுள் ஆறு காட்சிகளில், அப்பெண் நினைத்தாள் என்று எழுதியிருந்தாள். அவ்வாறு அட்டைகளையும் திருப்பிக் கொடுத்திருக்கின்றேன்.