ரத்தத்திலேயே இருக்கிறதா?

சென்ற ஆண்டு ஜூலையில் ஒரு நாள், காலை இடைவேளை. எங்கள் பள்ளியின் மூன்று குடிநீர்க் குழாய்களில் இரண்டு பழுது. ஒன்றில் மட்டும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அங்கே எட்டாம் வகுப்பு மாணவர்கள் இருவருக்குள் தொடங்கிய தள்ளுமுள்ளு, ஒருவனுக்கு உதடு கிழிந்ததில் முடிந்தது. அடித்தவன் அந்த மாதத்தில் மூன்றாவது முறையாக என் முன் நின்றான். காயத்துக்கு மருந்து போட்டு, இரு வீட்டுக்கும் தகவல் சொல்லிவிட்டு ஆசிரியர் அறையில் வந்து உட்கார்ந்தேன். எரிச்சலில் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன்: "அவங்க அப்பாவும் இப்படித்தான் சார். ரத்தத்துலயே இருக்கு. நாம ஒண்ணும் பண்ண முடியாது."

வகுப்பு நோட்டுகளைச் சுமந்துகொண்டு அவன் வாசலில் நின்றதை நான் பார்க்கவில்லை.

மறுவாரம் நான்காவது முறை. "ஏண்டா இப்படிப் பண்றே?" என்றேன். தலை நிமிராமல், "ரத்தத்துலயே இருக்குன்னு நீங்கதான சார் சொன்னீங்க" என்றான்.

அதில் கிண்டல் இல்லை. அதுதான் என்னை உறுத்தியது. பல ஆண்டுகளாக அறிவியல் நடத்தும் நான், அறிவியலின் பெயரால் ஒரு பதின்மூன்று வயதுப் பையனுக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறேன். அந்தத் தீர்ப்பு சரியா என்று அதன் பிறகுதான் தேடிப் படித்தேன்.

1986-ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் செவில் நகரில், பல நாடுகளைச் சேர்ந்த அறிஞர்கள் கூடி ஓர் அறிக்கை தயாரித்தார்கள். 1989-இல் யுனெஸ்கோ அதை ஏற்றுக்கொண்டது. போர் செய்யும் குணம் மூதாதை விலங்குகளிடமிருந்து வந்தது, வன்முறை நம் மரபணுக்களில் எழுதப்பட்டிருக்கிறது, மனித மூளையே வன்முறைக்கானது என்பன போன்ற ஐந்து கருத்துகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் அறிவியல்படி தவறு என்று அது கூறியது. 'ரத்தத்திலேயே இருக்கிறது' என்ற என் வாக்கியத்துக்கு நேரடி மறுப்பு.

ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் நேர்மையாகாது. தான்சானியாவின் கோம்பே காட்டில் ஜேன் குடால் ஆராய்ந்த சிம்பன்சிகள் இரு கூட்டங்களாகப் பிரிந்தன. 1974 முதல் 1978 வரை ஒரு கூட்டத்தின் ஆண்கள் மற்றதன் ஆண்களை ஒவ்வொன்றாகத் தாக்கி ஒழித்தன. அவற்றை அமைதியான விலங்குகள் என்று நம்பியிருந்த குடாலுக்கே அது பேரதிர்ச்சி. அதே சிம்பன்சிகளை நெதர்லாந்தின் ஆர்னம் விலங்குக் காட்சியகத்தில் கவனித்த பிரான்ஸ் டி வால் வேறொன்றைக் கண்டார். சண்டை போட்ட இரண்டும் சற்று நேரத்தில் தேடி வந்து கட்டிக்கொள்கின்றன, முத்தமிடுகின்றன. காங்கோ ஆற்றுக்குத் தெற்கே வாழும் போனபோ குரங்குகள் சிம்பன்சிகளைவிடச் சாதுவானவை. அவையும் நமக்குச் சிம்பன்சிகள் அளவுக்கே நெருங்கிய உறவு. ஆக, மூதாதையைக் காட்டிச் சண்டையையும் நியாயப்படுத்தலாம், சமாதானத்தையும் நியாயப்படுத்தலாம்.

எனக்கு அதிகம் பயன்பட்டது கனடாவின் ரிச்சர்ட் டிராம்பிளே செய்த ஆய்வு. குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த அவர் கண்டது இது: அடிப்பது, கடிப்பது, பிடுங்குவது எல்லாம் உச்சத்தில் இருப்பது இரண்டு, மூன்று வயதில். பிறகு பெரும்பாலானோரிடம் குறைந்துகொண்டே போகிறது. அங்கன்வாடியைப் பார்த்தவர்களுக்கும் ஒன்றாம் வகுப்பு எடுப்பவர்களுக்கும் இது புதிதாக இராது. அடிப்பதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அடிக்காமல் இருப்பதைத்தான் கற்க வேண்டியிருக்கிறது: கேட்டு வாங்குவது, காத்திருப்பது, கோபத்தைச் சொல்லால் சொல்வது. அப்படிப் பார்த்தால் நான் சொன்னதில் ஒரு பாதி சரி. எல்லோர் ரத்தத்திலும் இருக்கிறது. அவன் ஒருவனிடம் மட்டும் என்று சொன்னதும், ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்னதும்தான் தவறு. கற்பிக்க முடியாது என்று ஓர் ஆசிரியர் சொல்வது வேறு!

சூழல் என்ன செய்யும் என்பதற்கு முசாபர் ஷெரீப் 1954-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் நடத்திய முகாம் புகழ்பெற்றது. ஒருவரையொருவர் அறியாத, பதினொரு வயதை ஒட்டிய 22 சிறுவர்கள், இரண்டு குழுக்கள். பரிசுக்காகப் போட்டிகள் வைத்ததும் கொடியை எரிப்பது, குடிலைச் சூறையாடுவது என்று வளர்ந்தது. சேர்ந்து சாப்பிட வைத்தார்கள். உணவை வீசி அடித்துக்கொண்டார்கள். (அடித்துக்கொண்ட இருவரையும் நிறுத்தி, "கை குடுங்கடா" என்று நாம் சொல்வது நினைவுக்கு வந்தது.) பிறகு முகாமுக்குத் தண்ணீர் வருவது நின்றதுபோலவும், உணவு லாரி கிளம்பாததுபோலவும் ஏற்பாடு செய்தார்கள். அடைப்பைச் சேர்ந்து தேடினார்கள், லாரியைச் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தார்கள். பகை மெல்லத் தணிந்தது.

இதற்கு முந்தைய ஆண்டு ஷெரீப் நடத்திய இன்னொரு முகாம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அங்கே சிறுவர்களை முதலில் ஒன்றாகப் பழகவிட்டு, பிறகு பிரித்தார்கள். பெரியவர்கள் எவ்வளவு மூட்டிவிட்டும் அவர்கள் மோதிக்கொள்ளவில்லை. மாறாக, பெரியவர்கள் மீதே சந்தேகப்பட்டார்கள். ஆய்வு கைவிடப்பட்டது. எனக்கென்னவோ தோற்றுப்போன இந்த ஆய்வுதான் பிடித்திருக்கிறது.

இதையெல்லாம் படித்தபின் குழாயடிக்குப் போய் நின்று பார்த்தேன். பத்து நிமிட இடைவேளை, ஒரு குழாய், பெரிய வகுப்புப் பிள்ளைகள் முன்னால். அங்கே நின்றால் எனக்கே கோபம் வந்திருக்கும். பள்ளி மேலாண்மைக் குழுவில் சொல்லி மற்ற இரண்டு குழாய்களையும் சரிசெய்ய இரண்டு மாதம் ஆயிற்று. மாலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் சுமக்கும் வேலையை அவனுக்கும் உதடு கிழிந்தவனுக்கும் சேர்த்துக் கொடுத்தேன். அந்தப் பெரிய வாளியை ஒருவரால் தூக்க முடியாது. முதல் வாரம் பேசாமலே தூக்கினார்கள். அவர்கள் நண்பர்களாகிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இருவருக்குள் மறுபடி கைகலப்பு வரவில்லை.

வேறொன்றும் செய்ய வேண்டியிருந்தது. "அன்னிக்கு நான் சொன்னது தப்புப்பா. அறிவியல்ல அப்படி இல்ல" என்று அவனிடம் சொன்னேன். பதில் சொல்லாமல் போய்விட்டான்.

ஆண்டு முடிவதற்குள் வேறு பிள்ளைகளோடு இன்னும் இரண்டு முறை அடிதடியில் இறங்கினான். இரண்டாவது முறை, நான் கேட்பதற்கு முன்பே ஆசிரியர் அறை வாசலுக்கு வந்து நின்று, "நான்தான் சார் மொதல்ல அடிச்சேன்" என்றான்.