நிரையில் அடங்காத எண்

சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பழைய தோட்டங்களைப் பற்றித் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். ‘நிரை’ என்ற சொல் எப்படியும் வந்துவிடும். பால்மரங்கள் வரிசை பிடித்து நின்ற காலம் அது. 30 கன்றுகளை ஐந்து நிரைகளில் ஆறாறாக நடலாம். 31 கன்றுகளை? ஒரே நீண்ட நிரையாக நடலாமே தவிர, சமமான பல நிரைகளாகப் பிரிக்க முடியாது. 1, 31 இரண்டையும் தவிர வேறெந்த எண்ணாலும் அது மீதியின்றி வகுபடாது. அதனால் 31 ஒரு பகா எண்.

2024 அக்டோபரில், அதுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பெரிய பகா எண் அறிவிக்கப்பட்டது. 136,279,841 இரண்டுகளைப் பெருக்கி 1ஐக் கழித்தால் அது கிடைக்கும். அதன் இலக்கங்கள் மட்டும் 41,024,320! ஜிம்ப்ஸ் என்னும் தன்னார்வலர் திட்டத்தில் பங்கேற்ற அமெரிக்கர் லூக் டுரான்ட் அதைக் கண்டுபிடித்தார்.

இவ்வளவு பெரிய எண் வகுபடாது என்று எப்படி உறுதி செய்தார்கள்? ஒவ்வோர் எண்ணாக வகுத்துப் பார்த்தால் காலம் போதாது. பிரான்சின் எட்வார்ட் லூக்கா 19ஆம் நூற்றாண்டில் தொடங்கி வைத்து, அமெரிக்காவின் லெமர் பின்னர் எளிமையாக்கிய சோதனைதான் கைகொடுத்தது.

அதை 31இல் செய்து பார்ப்போம். ஐந்து இரண்டுகளைப் பெருக்கி 1ஐக் கழித்தால் 31. முதலில் 4ஐ எழுதுங்கள். அதன் வர்க்கத்திலிருந்து 2ஐக் கழித்தால் 14. மறுபடியும் அப்படியே செய்தால் 194. அதை 31ஆல் வகுத்தால் மீதி 8. இன்னொரு முறை செய்தால் 62, மீதி 0. ஐந்தில் இரண்டு குறைய, மூன்றே படிகள். கடைசிப் படியில் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. பதினோரு இரண்டுகளால் வரும் 2047 இதில் தேறாது. அது 23 × 89.

இந்தச் சோதனை இவ்வகை எண்களுக்கு மட்டுமே பொருந்தும். எந்த எண்ணையும் உறுதியாகச் சோதிக்க, இலக்கங்கள் கூடினாலும் வேலை கட்டுமீறிப் பெருகாத வழி உண்டா? உண்டு என்று 2002இல் நிரூபித்தவர்கள் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோர். பின்னிருவரும் அவ்வாண்டுதான் இளநிலைப் பட்டப்படிப்பை முடித்திருந்தனர்.

இணையப் பாதுகாப்புக்கான ஆர்எஸ்ஏ முறைக்குச் சுமார் 300 இலக்கப் பகா எண்களே போதும். அப்படியானால் நான்கு கோடி இலக்க எண் எதற்கு? ‘இருக்கலாம்’ என்பதற்கும் ‘நிச்சயம்’ என்பதற்கும் உள்ள தூரத்தைக் கடக்கக் கற்றுத்தருகிறதே, அதற்காகத்தான். சூத்திரத்தை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிட்டால் அந்தத் தூரம் நமக்குத் தெரியாமலே போகும்.

இன்றிரவு ஒரு தாளை எடுங்கள். ஏழு இரண்டுகளால் வரும் எண் 127. அதற்கு ஐந்து படிகள். 4இல் தொடங்கினால் 14, பிறகு 67. மீதி மூன்று படிகள் உங்களுடையவை.