ஓரி விழாவும் ஒரே அம்பும்

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் ஆண்டுதோறும் ஆடி 17, 18 ஆகிய நாட்களில், அதாவது ஆகஸ்ட் தொடக்கத்தில், வல்வில் ஓரி விழா நடக்கிறது. அரசே எடுக்கும் விழா இது. செம்மேட்டில் ஓரியின் சிலைக்கு மாலை அணிவிப்பார்கள். மலர்க் கண்காட்சி, அரசுத் துறைகளின் அரங்குகள், வில்வித்தைப் போட்டி, கிராமியக் கலைகள் எல்லாம் உண்டு. ஆடிப்பெருக்கும் அதே நாளில் வருவதால் அறப்பளீஸ்வரர் கோயிலிலும் ஆகாய கங்கை அருவியிலும் கூட்டம் நெரியும். சென்ற ஆண்டு மனைவி, ஏழாம் வகுப்பு படிக்கும் மகள், நான்காம் வகுப்பு மகன் ஆகியோருடன் போய்வந்தேன். உள்ளூர் வரலாற்றை வகுப்பறைக்குக் கொண்டுவர நினைக்கும் ஆசிரியர்களுக்கு அந்த விழாவில் என்னென்ன கிடைக்கும் என்று பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

அடிவாரத்தில் காரவள்ளியைத் தாண்டியதும் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை இருக்கிறது. மகள் எண்ணிக்கொண்டே வந்தாள். மகன் நாற்பதுக்கு மேல் எண்ணும் நிலையில் இல்லை. குழந்தைகளை அழைத்துப்போகிறவர்கள் எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள்ளுங்கள்.

விழாப் பந்தலில் ஓரியின் கதையை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, காட்டுப்பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பின் உடலில் போய்த் தைத்தது என்ற கதை. மகன் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, இது நிஜமா?" என்றான். மேடையில் அடுத்த நிகழ்ச்சி தொடங்கிவிட்டது. ஆனால் ஆசிரியர்களாகிய நாம் நின்று பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. "ஆமாம்" என்றால் அறிவியல் பாடத்துக்குப் பகை. "சும்மா கட்டுக்கதை" என்றால் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள ஒரு பாடலை ஒரு சொல்லில் தூக்கி எறிந்ததாகும்.

அந்தப் பாடல் புறநானூற்றில் 152ஆம் பாடல். பாடியவர் வன்பரணர். அதை முழுவதும் படித்துப் பார்த்தால் அம்பு பற்றிய பகுதி தொடக்கத்தில் முடிந்துவிடும். மிச்சமெல்லாம் வேறு கதை. பாணர் கூட்டம் காட்டுவழியில் ஒரு வேடனைப் பார்க்கிறது. அவன் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. விலைக்கு விற்பதற்காக வேட்டையாடுகிறவன்போலத் தெரியவில்லை, செல்வம் உடையவனாக இருக்கிறான், ஒருவேளை ஓரிதானோ என்று புலவர் ஐயப்படுகிறார். விறலியர் பாட, இசைக்கருவிகள் முழங்க, அவனை வாழ்த்துகிறார்கள். புகழைக் கேட்டதும் அந்த வேடன் வெட்கப்படுகிறான். மான் இறைச்சியும் தேறலும் தந்து, தன் மலையில் கிடைத்த பொன்னையும் மணிகளையும் காட்டுவழியிலேயே கொடுத்துவிடுகிறான்.

என்னைக் கேட்டால் அந்தப் பாட்டின் உயிர் அந்த வெட்கத்தில்தான் இருக்கிறது. ஐந்து விலங்குகளும் ஒரே நேர்க்கோட்டில் வந்து நிற்பதே நடவாத காரியம். எலும்பையும் சதையையும் துளைக்கத் துளைக்க அம்பின் வேகம் குறையும் என்பது எட்டாம் வகுப்பு மாணவருக்கே தெரியும். புலவருக்கும் அது தெரியாமல் இருந்திருக்காது. வில்லாளியின் வலிமையை உயர்த்திச் சொல்லும் உயர்வு நவிற்சி அது. மகனிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "அம்பு அப்படிப் போயிருக்காது. ஆனா அவர் ரொம்ப நல்லா வில் விடுவார்னு சொல்றதுக்குப் புலவர் அப்படிப் பாடினார்." அவன் ஏற்றுக்கொண்டு, உடும்பு எப்படி இருக்கும் என்று கேட்கத் தொடங்கினான்.

ஓரியைப் பாடியவர் வன்பரணர் மட்டுமல்ல. புறநானூறு 204ஆம் பாடலில் கழைதின் யானையார், கொடு என்று கேட்பது இழிவு, கேட்டவருக்கு இல்லை என்பது அதைவிட இழிவு என்று ஓரியை நோக்கியே பாடுகிறார். உயர்நிலை வகுப்பில் இவ்விரு பாடல்களையும் அடுத்தடுத்து வைத்தால் நல்ல விவாதம் கிடைக்கும்.

அரங்குகளில் என்னை நெடுநேரம் நிறுத்தியது சிறுதானியங்கள் இருந்த இடம். சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு எல்லாம் சிறு சிறு முறங்களில் இருந்தன. மலையில் ஒரு காலத்தில் பரவலாக விளைந்த சாமையின் இடத்தை மரவள்ளி பெருமளவு பிடித்துக்கொண்டது. கீழே சேலம், நாமக்கல் பகுதியின் சவ்வரிசி ஆலைகள் கிழங்கை வாங்கிக்கொள்ளும், கையில் பணம் கிடைக்கும். சாமைக்கோ உமி நீக்குவதே பெரும்பாடு. உரலில் இடிப்பது பெண்களின் தலையில் விழும். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே சிறுதானியங்களை மீட்கும் பணியில் ஈடுபட்டது. உமி நீக்கும் இயந்திரங்கள் அதில் ஒரு பகுதி. முறத்தைக் காட்டிய அம்மாவிடம் என் மனைவி, "அக்கா, இப்பவும் வீட்ல சாமைச் சோறுதானா?" என்று கேட்டாள். "ரேஷன் அரிசிதான் கண்ணு. சாமை நோம்பிக்கு" என்றார் அவர். பொருளியல் பாடம் ஒன்று அந்த ஒரு பதிலில் இருக்கிறது.

இந்த மலைமக்களுக்கு மலையாளி என்று பெயர். கேரள மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை; பேசுவது தமிழ். சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, சவ்வாது மலைகளிலும் வாழ்கிறார்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்களின் வழிவழிக் கதை. மாணவர்களிடம் இதை அவசியம் சொல்ல வேண்டும். ஏனெனில் கொல்லிமலையின் மரபு என்றதும் ஓரியோடு முடித்துவிடுகிறோம். சங்கப் பாடல் ஒன்று சொல்கிறது, இன்று மலையில் வாழ்பவர்கள் தங்களைப் பற்றி வேறொன்று சொல்கிறார்கள். இரண்டுக்கும் இடம் உண்டு.

என் வகுப்பில் கொல்லிமலையிலிருந்து இறங்கிவந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் இருவர் இருக்கிறார்கள். 'மலைக்காரன்' என்று மற்றவர்கள் கூப்பிடும்போது அதில் மரியாதை இருப்பதில்லை. விழாவுக்குப் போய்வந்த அடுத்த வாரம் கரும்பலகையில் மூன்று கட்டங்கள் வரைந்தேன்: பாட்டு சொல்வது, மலைமக்கள் சொல்வது, நாம் நேரில் பார்ப்பது. முதல் கட்டத்தை நான் நிரப்பினேன். இரண்டாவதற்கு அவ்விருவரில் ஒருவனை அழைத்தேன். வழக்கமாகக் கடைசி பெஞ்சில் வாய்திறக்காமல் இருப்பவன், சாமை விதைப்பதிலிருந்து இடிப்பதுவரை பத்து நிமிடம் பேசினான். மூன்றாவது கட்டத்துக்கு ஒரு வேலை கொடுத்தேன். அகநானூறு 209ஆம் பாடலில் கல்லாடனார் கொல்லிமலையின் பலாவுக்கு வேர் சிவப்பு என்கிறார். அது சரியா என்று பார்த்துவரச் சொன்னேன். காலாண்டு விடுமுறை முடிந்து வந்தபோது செய்தித்தாளில் சுற்றிய ஒரு பலா வேர்த்துண்டு என் மேசைமேல் இருந்தது. மேல்தோல் செங்காவி நிறம். வகுப்பே சுற்றி நின்று பார்த்தது.

அந்த 209ஆம் பாடலில் இன்னொரு செய்தியும் உண்டு. முள்ளூர் மன்னன் காரி, ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரருக்குக் கொடுத்தான் என்கிறது அது. காரியும் கடையெழு வள்ளல்களில் ஒருவன்! சிறுபாணாற்றுப்படையில் எழுவரின் பட்டியல் வருமிடத்தில் இருவருமே இடம்பெறுகிறார்கள். அவர்கள் போரிட்டதையும் அங்கேயே சொல்லிவிடுகிறார் புலவர். ஓரியின் சாவு விழாப் பந்தலில் என் காதில் விழவில்லை. வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, "சார், வள்ளல்னா எல்லாருக்கும் குடுக்கிறவர்தானே? அப்புறம் ஏன் இன்னொரு வள்ளலைக் கொன்னாரு?" என்றாள். வள்ளல் என்பவர் அரசரும் ஆவார், மலை என்பது மிளகும் பலாவும் விளையும் நிலமும் ஆகும் என்று சொல்லிப் பார்த்தேன். பாதிப் பேர் காரி பக்கமும் பாதிப் பேர் ஓரி பக்கமும் பிரிந்து மணி அடிக்கும்வரை வாதாடினார்கள். காரியின் ஊர்ப்பக்கமான திருக்கோவிலூருக்கு எப்போது போகலாம் என்று இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.