தடைக்காலமும் பள்ளிப் பையும்

வைப்பின் தீவின் வடமுனையில் முனம்பம் மீன்பிடித் துறைமுகமும், தென்பகுதியில் காளமுக்குத் துறையும் அமைந்துள்ளன. இத்துறைகளிலிருந்து கடலுக்குச் செல்லும் விசைப்படகுகளில் குளச்சல், தூத்தூர் முதலிய குமரி மாவட்டக் கடலோர ஊர்களைச் சேர்ந்த தமிழர் பலர் தொழில் செய்கின்றனர். கேரளக் கடற்பகுதியில் ஆண்டுதோறும் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 நள்ளிரவு வரை, 52 நாள், விசைப்படகுகள் இழுவலை கொண்டு மீன்பிடிக்கத் தடை உண்டு. மீன்வளம் பெருகவேண்டும் என்னும் நோக்கில் 1988ஆம் ஆண்டு தொடங்கிய இத்தடை, நெடுங்காலம் 47 நாளாக இருந்து, 2018இல் 52 நாளாயிற்று. கேரள அரசுப் பள்ளிகள் திறப்பதும் ஜூன் மாதத் தொடக்கத்திலேதான். வருவாய் நிற்கப்போகும் வாரமும் பள்ளிச் செலவு குவியும் வாரமும் ஒன்றாகவே வந்துசேர்கின்றன.

படகில் செல்வோர் மட்டும் இதனால் தளர்வதில்லை. பனிக்கட்டி ஆலைத் தொழிலாளர், மீன் சுமப்போர், துறையோரத் தேநீர்க் கடைக்காரர் எனப் பலர் வீட்டிலும் அந்த 52 நாளும் கை இறுகும். ஆதலால் இவ்வீடுகளில் எதை வாங்குவது என்பதைவிட, எதை எப்போது வாங்குவது என்பதே பெரிய கேள்வி.

மத்தியப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. அவர்களின் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. படகுகள் அப்போது கடலில் இருக்கும். பாடநூலையும் குறிப்பேட்டையும் ஏப்ரலில் வாங்கிவிட்டு, குடையையும் மழைச்சட்டையையும் மே மாதத்திற்கு ஒதுக்கினால் செலவு இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு பிள்ளை மத்தியப் பள்ளியிலும் மற்றொரு பிள்ளை மாநில அரசுப் பள்ளியிலும் படிக்கும் வீடுகளில் இப்பிரிவு இன்னும் பயன் தரும். மாநில அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்புவரை பாடநூல் விலையின்றிக் கிடைக்கிறது.

பாடநூலில் தொடங்குவோம். தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் 2024 டிசம்பரில் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அதன்படி ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை ஒரு நூலின் விலை 65 ரூபாய். ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்புவரையிலான நூல்களின் விலை 20 விழுக்காடு குறைக்கப்பட்டது. மூத்த மாணவர் தம் பழைய நூல்களை இளையோருக்கு வழங்கும் ‘புஸ்தகோபஹார்’ என்னும் வழக்கமும் கேந்திரிய வித்யாலயாக்களில் உண்டு. ஆனால் பழைய நூலைப் பெறுமுன் ஒன்றை நோக்கவேண்டும். 2024இல் மூன்றாம், ஆறாம் வகுப்புகளுக்கும், 2025இல் நான்கு, ஐந்து, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கும் புதிய நூல்கள் வந்தன. அதற்கு முந்தைய நூல் எத்துணைத் தூய்மையாக இருப்பினும் வகுப்பில் பயன்படாது. அட்டையைப் பார்த்து மகிழ்வதற்கு முன் உள்ளே அச்சிட்ட ஆண்டைப் பார்ப்பது நலம். நூல் கிடைக்கத் தாழ்ந்தால் குழுமத்தின் இணையதளத்தில் முழு நூலையும் கட்டணமின்றிப் படிக்கலாம். அதற்காகக் கூடுதல் விலை கொடுத்து வாங்கவேண்டியதில்லை.

குறிப்பேடு வாங்குவதில்தான் பலர் ஏமாறுகின்றனர். தள்ளுபடி எவ்வளவு என்று கேட்போர் மிகுதி. ஒரு பக்கம் என்ன விலை என்று கேட்போர் அரிது. எடுத்துக்காட்டாக, 200 பக்கக் குறிப்பேடு 56 ரூபாய் என்றும், 120 பக்கக் குறிப்பேடு 30 ரூபாய் என்றும் கொள்வோம். முன்னதில் ஒரு பக்கம் 28 காசு; பின்னதில் 25 காசு. பெரியது எப்போதும் மலிவு என்னும் எண்ணம் இங்கே பொய்க்கிறது. தாளின் தரமும் கணக்கில் சேரும். மை மறுபுறம் ஊறித் தெரியும் தாளில் ஒரு பக்கம்தான் எழுத இயலும். அப்போது 25 காசு 50 காசாகிவிடுகிறது. கடையிலேயே ஒரு தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். பொதியில் அச்சிட்ட அதிகபட்சச் சில்லறை விலையில் எல்லா வரியும் அடங்கும். அதற்கு மேல் கேட்பது முறையன்று, குறைத்து விற்பதற்குத் தடையில்லை. மேலும், 2025 செப்டம்பர் 22 முதல் குறிப்பேடு, பென்சில், பென்சில் சீவி, அழிப்பான், வண்ண மெழுகுக்கோல் ஆகியவற்றின் மீதான சரக்கு சேவை வரி முற்றும் நீக்கப்பட்டது. வடிவியல் பெட்டிக்கு அது 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆயிற்று.

தமிழ்ப் பாடத்திற்கு இரட்டைக்கோட்டுக் குறிப்பேடு கேட்கும் பிள்ளைகள், மட்டாஞ்சேரிக் கடைகளில் ‘இரட்டவர’ என்று கேட்டால் போதும், நான்குகோடு ‘நாலுவர’. கோட்டைக் குறிக்கும் மலையாளத்தின் ‘வர’ நம் ‘வரை’ என்னும் சொல்லோடு உறவுடையது. தமிழ்நாட்டிலிருந்து சுமந்துவரத் தேவையில்லை.

எங்கே வாங்குவது? கேரளக் கூட்டுறவு அமைப்பான கன்ஸ்யூமர்ஃபெட், பள்ளி திறக்கும் காலத்தில் மாணவர் சந்தைகளை நடத்துகிறது. ‘திரிவேணி’ என்னும் பெயரில் அதன் சொந்தக் குறிப்பேடுகளும் அங்கே கிடைக்கும். எர்ணாகுளம் பிராட்வேயில் கடைகள் மிகுதி. ஒப்பிட்டு வாங்க அதுவே ஏற்ற இடம். எனினும் வழிச்செலவை மறத்தல் ஆகாது. 2004இல் கோஸ்ரீ பாலங்கள் திறந்தபின் பேருந்தில் செல்லும் வழி உண்டு. வைப்பினிலிருந்து உயர்நீதிமன்றத் துறைக்கு 2023 ஏப்ரலில் வாட்டர் மெட்ரோ தொடங்கியபோது ஒருவருக்குக் கட்டணம் 20 ரூபாய். தாயும் பிள்ளையும் அதில் சென்று திரும்பினால் 80 ரூபாய். ஒரு குறிப்பேட்டுக்கு 5 ரூபாய் குறைவு என்று கேள்விப்பட்டு ஒரு டசன் வாங்கச் சென்றால் மிஞ்சுவது 60 ரூபாய்தான்! பக்கத்து வீட்டாரின் பட்டியலையும் சேர்த்துக்கொண்டு ஒருமுறை சென்றால் கணக்கு மாறும்.

குடை, தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த குடும்பங்கள் பெரும்பாலும் பட்டியலில் விட்டுவிடும் பொருள். தமிழ்நாட்டின் பல பகுதிகளுக்குப் பெருமழை அக்டோபருக்குப் பின்னரே வரும். கேரளத்திலோ தென்மேற்குப் பருவமழை தொடங்கும் இயல்பான நாள் ஜூன் 1. பள்ளி மணியும் மழையும் இணைந்தே வரும் நாடு இது. குடைத் தொழில் இங்கே வேரூன்றியதில் வியப்பில்லை. ‘குடை வாவச்சன்’ என்று அழைக்கப்பட்டவர் 1954இல் ஆலப்புழையில் தொடங்கிய செயின்ட் ஜார்ஜ் குடைக்கடை, 1995இல் பாப்பி, ஜான்ஸ் என்னும் இரு நிறுவனங்களாகப் பிரிந்தது. ஊதல், விளக்கு, பொம்மை ஆகியவை பொருத்திய சிறுவர் குடைகள் கண்ணைப் பறிக்கும். மழையைத் தடுப்பவை துணியும் கம்பியுமே. சென்ற ஆண்டுக் குடையில் ஒரு கம்பி மட்டும் ஒடிந்திருந்தால் அதை எறிய வேண்டா. பழுது நீக்குவோரிடம் மே மாதத்திலேயே கொடுப்பது நன்று. ஜூனில் அவர்களுக்கு ஓய்விராது.

சீருடையைப் பொறுத்தவரை, மழைக்காலத்தில் துணி உலர்வது அரிது என்பதால் இரண்டு இணை இன்றியமையாதவை. இரண்டும் புதியனவாக இருக்கவேண்டும் என்பதில்லை. கால்சட்டையின் ஓரத்தில் மடிப்பு விட்டுத் தைத்தால், பிள்ளை வளர வளர அதைப் பிரித்துவிட்டு ஓராண்டு கூடுதலாக அணியலாம். பழைய துணியைப் புதியதுபோல் ஆக்கும் கலையில் கொச்சித் தமிழர்க்குப் பெரும் பெயர் உண்டு. ஃபோர்ட்கொச்சி வெளியில் உள்ள சலவைத்துறையில் இன்றும் தமிழ்க் குடும்பங்கள் வெளுத்து, கஞ்சியிட்டு, வெயிலில் உலர்த்தி, பெட்டி போடுகின்றன. டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் சீருடையை வெளுக்க வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள் என்பது வழிவழி வரும் செய்தி.

பையைத் தேர்வு செய்யும்போது அதன் படத்தைவிட எடையே முதன்மை. 2020ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கை, பையின் எடை பிள்ளையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்கிறது. 30 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது 3 கிலோ. வெறும் பையே ஒரு கிலோ இருந்தால் நூல்களுக்கு எஞ்சுவது இரண்டு கிலோதான். அண்ணனின் பழைய பை தம்பிக்குக் கூச்சம் தரலாம்; அது சிறு துன்பமன்று, பெரியோர் சிரித்துத் தள்ளிவிடக் கூடாதது. கிழிந்த வாரை மாற்றி, துவைத்து, தம்பி விரும்பும் வண்ணத்தில் ஒரு பெயர்ப்பட்டையைத் தைத்துக் கொடுத்தால் பை அவனுடையதாகிவிடும்.

பணம் போதாதபோது படகு முதலாளியிடம் முன்பணம் பெறுவது துறைகளில் உள்ள வழக்கம். அத்தொகை தடைக்காலம் முடிந்தபின் வரும் வருவாயில் கழியும். ஆகஸ்டில் முதல் மீன் வரும்போதே ஒரு பகுதி கடனுக்குப் போய்விடும். அதனால்தான் அனுபவமுள்ள தாய்மார், பட்டியலைக் கையில் எடுத்ததும் ஒரு கோடு கிழிக்கின்றனர். பள்ளி திறக்கும் நாளிலேயே தேவையானவை கோட்டுக்கு மேலே: பாடநூல், நான்கைந்து குறிப்பேடு, குடை, ஓர் இணைச் செருப்பு. ஆசிரியர் கேட்கும்வரை காத்திருக்கக்கூடியவை கோட்டுக்குக் கீழே: வண்ணப்பெட்டி, நிலப்படநூல், இரண்டாம் இணைக் காலணி, எஞ்சிய குறிப்பேடுகள். சென்ற ஆண்டுக் குறிப்பேடுகளில் எழுதாமல் விட்ட தாள்களைப் பிரித்து ஒன்றாகத் தைத்தால், கணக்குப் போட்டுப் பார்க்க ஓர் ஏடு செலவின்றிக் கிடைக்கும். ஜூலை 31 நள்ளிரவில் படகுகள் மீண்டும் கடலுக்குப் புறப்படும். கோட்டுக்குக் கீழே உள்ளவை அதன்பின் ஒவ்வொன்றாக வீட்டுக்கு வரும்; அதற்குள் அவற்றுள் இரண்டொன்று தேவையே இல்லை என்பதும் தெரிந்திருக்கும்.