நான்கு எழுத்துக்குள் அடங்குமா குணம்?

மாதவரம் உள்வட்டச் சாலையை ஒட்டிய எந்தக் குடோனிலும் எழக்கூடிய சண்டை இது. “பில்லைச் சரிபார்க்காமல் லாரியை விடமாட்டேன்” என்பார் ஒருவர். “முதலில் லோடு ஏறட்டும், பேப்பர் பின்னால் வரும்” என்பார் இன்னொருவர். இருவரும் நல்ல உழைப்பாளிகள்தாம். வேலையை அணுகும் விதம்தான் வேறு. அந்த வேறுபாட்டைக் கோபமில்லாமல் பேசவைக்கவே ஆளுமை வகைத் தேர்வுகளை நிறுவனங்கள் நாடுகின்றன.

எப்படி வந்தது?

உளவியலாளர் கார்ல் யுங் 1921-இல் மனிதர்களை வகைப்படுத்தி ஒரு நூல் வெளியிட்டார். அதன் அடிப்படையில் அமெரிக்கர்களான கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கியதே மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்வு. தெம்பு தருவது கூட்டமா, தனிமையா? நம்புவது விவரத்தையா, உள்ளுணர்வையா? முடிவெடுப்பது தர்க்கத்தாலா, மனிதர்களை எண்ணியா? பிடித்தது திட்டமா, அப்போதைக்கப்போது முடிவெடுப்பதா? இணைக்கு ஓர் எழுத்தாக நான்கு எழுத்துகளால் குறிக்கப்படும் 16 வகைகள் இந்த நான்கு இணைகளிலிருந்து பிறக்கின்றன.

எவ்வளவு நம்பலாம்?

சில வாரங்கள் கழித்து மீண்டும் எழுதினால் பலருக்கு வகை மாறிவிடுகிறது. பெரும்பாலோர் இரு முனைகளுக்கும் நடுவே இருப்பதே காரணம். அதனால்தான் ஆய்வாளர்கள், ஐந்து பண்புகளைக் கூடுதல் குறைவாக அளக்கும் முறையை அதிகம் ஏற்கின்றனர். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 1948-இல் உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் தம் மாணவர்கள் எல்லாருக்கும் ஒரே குணக் குறிப்பை, அவரவருக்கென எழுதியதுபோலக் கொடுத்தார். ‘எனக்குப் பொருந்துகிறது’ என்று அவர்கள் தந்த சராசரி மதிப்பெண் 5-க்கு 4.26!

குழுவுக்கு என்ன பயன்?

தேர்வு முடிவை மேலாளர் அறிவிக்கக் கூடாது. விரும்பினால் அவரவரே சொல்லட்டும். பிறகு பேச்சு வேலைக்குத் திரும்ப வேண்டும். லோடு ஏறும் முன் கட்டாயம் வேண்டிய பேப்பர் எது, பின்னால் வந்தால் போதுமானது எது என்று அந்த இருவரும் சேர்ந்து முடிவுசெய்தால் அதுவே பலன். ஆளெடுக்கவோ பதவி உயர்வைத் தடுக்கவோ தேர்வைப் பயன்படுத்துவது அநீதி. ஆளெடுப்புக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தேர்வை வெளியிடும் நிறுவனமே சொல்கிறது.

ஆளை ஆராய்ந்து தெளிய ‘தெரிந்து தெளிதல்’, தக்க வேலையை ஒப்படைக்க ‘தெரிந்து வினையாடல்’ என அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் வைத்தார் வள்ளுவர். அங்கே ஒருவரை அடையாளம் காட்டுவது அவர் செய்யும் செயல். தேர்வுத்தாள் பேச்சைத் தொடங்கிவைக்கட்டும். ஆளை அவர் வேலையில் பார்த்து அறியுங்கள்.